மூன்று வரி பேசும் பிலாடீஸை மேடையேற்றுவது எப்படி?

கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ஓரெஸ்டியா முத்தொகுதி கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறியது. அதன் நடு நாடகமான கொய்ஃபோராயில், தந்தை அகமெம்னானைக் கொன்ற தாய் கிளைட்டெம்னெஸ்ட்ராவை அப்பல்லோ தெய்வத்தின் கட்டளைப்படி ஓரெஸ்டீஸ் கொல்கிறான். அவன் தோழன் பிலாடீஸுக்கு மொத்தமே மூன்று வரி: 900, 901, 902. மற்ற நேரமெல்லாம் மௌனம். சின்ன வேடம்தானே என்று ஒத்திகையில் கடைசிக்குத் தள்ளினால் தாயைக் கொல்லும் காட்சியே சரிந்துவிடும்.

முதலில் மௌனத்தைப் பழக்குங்கள். அகமெம்னானின் கல்லறைக்கு ஓரெஸ்டீஸோடு இவனும் வருகிறான். 20ஆம் வரியில் ஓரெஸ்டீஸ் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, ஒதுங்கி நிற்போம் என்கிறான். அந்தப் பெயரை நடிகர் விழுங்கக் கூடாது. 899இல் மறுபடி கேட்கும்போது பார்வையாளருக்கு ஆள் தெரிய வேண்டும். பயண உடையில், ஓரெஸ்டீஸுக்கு இரண்டடி பின்னால் நிற்கட்டும். எலெக்ட்ரா தம்பியைக் கண்டுகொள்ளும் இடத்தில்கூடத் தலையசைப்பு, பெருமூச்சு எதுவும் வேண்டாம். கிரேக்க மேடையில் பேசாத துணை வேடங்கள் சகஜம். இவனும் அதில் ஒருவன் என்று சபை முடிவு கட்டிவிட வேண்டும். முகபாவம் காட்டிக்கொண்டே இருந்தால் 'இவன் எப்போது வாய் திறப்பான்' என்ற எதிர்பார்ப்பு வந்து, பிறகு பேசும்போது அதிர்ச்சி இருக்காது.

இருவரும் பர்னாசஸ் பக்கத்துப் பேச்சில் பேசுவோம் என்று ஓரெஸ்டீஸ் திட்டம் சொல்கிறான். ஆனால் அரண்மனை வாசலில் பேசுவது அவன் மட்டுமே. இங்கே பிலாடீஸுக்கு ஒரு முணுமுணுப்புச் சேர்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

அடுத்தது நடிகர் கணக்கு. அன்று பேசும் நடிகர்கள் மூவர்தான். தாயின் காதலன் ஏகிஸ்தஸ் செத்தான் என்று அலறும் பணியாள், கிளைட்டெம்னெஸ்ட்ரா, ஓரெஸ்டீஸ், பிலாடீஸ்: கொஞ்ச நேரத்துக்குள் நான்கு குரல். பணியாளாக நடித்தவரே உடை மாற்றிப் பிலாடீஸாக வந்தார் என்கிறது பழைய உரைக்குறிப்பு. அப்படிச் செய்தால் கிடைப்பது சுமார் பத்து வரி நேரம். வரிக்கு நான்கு விநாடி வைத்தால் நாற்பது விநாடி. பிலாடீஸின் உடைக்கு மேலேயே பணியாளின் மேலங்கியை ஒற்றை முடிச்சில் கட்டுங்கள். பிலாடீஸுக்கு ஒரே மாதிரி இரண்டு முகமூடி செய்து, ஒன்றை அதுவரை மௌனமாக நிற்பவருக்குக் கொடுத்து, இரண்டாவதைக் கதவுக்குப் பின்னால் உதவியாள் கையில் கொடுத்து வையுங்கள். நான்காவது நடிகர் கிடைத்தால் இந்தச் சிரமமே வேண்டாம். ஆரம்பத்திலிருந்து பார்த்த அதே உடல் பேசும்போதுதான் வரிகளுக்கு வலு.

தாய் மார்பைக் காட்டிக் கெஞ்ச, ஓரெஸ்டீஸ் தடுமாறி, "பிலாடீஸ், நான் என்ன செய்ய?" என்கிறான். ஒரே ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் போனால் வசனம் மறந்துவிட்டதோ என்று சபை நெளியும். பதிலின் சாரம் இது:

"அப்படியானால் பீத்தோவில் அப்பல்லோ சொன்ன வாக்கு என்னாவது? செய்த சத்தியம் என்னாவது? உலகமே பகையானாலும் தெய்வத்தைப் பகைக்காதே."

கத்தக் கூடாது. இவன் பிறந்த ஃபோக்கிஸ் நாட்டில்தான் அப்பல்லோ வாக்குச் சொல்லும் பீத்தோ, அதாவது டெல்ஃபி, இருக்கிறது. தெய்வத்தின் குரலாக, தாழ்ந்த தொனியில் வரட்டும். கேள்விகளை இறங்குகுரலில் முடித்துக் கட்டளையில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். பார்வை ஓரெஸ்டீஸ் மேல் இருக்க வேண்டும். கிளைட்டெம்னெஸ்ட்ராவைப் பார்த்துச் சொன்னால் அது வெறும் மிரட்டலாகிவிடும். பிறகு தாயும் மகனும் வரிக்கு வரி வாதிடும்போது அசையாமல் நின்று, அவர்களோடு உள்ளே போகட்டும்.

சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ் இருவரின் எலெக்ட்ராவிலும் பிலாடீஸ் கடைசிவரை வாயே திறப்பதில்லை. அங்கே ஒளித்து வைக்க வரி எதுவும் இல்லாததால் நடிகரை இன்னும் தாராளமாக அசைய விடலாம்.