புதுமைப்பெண் பணம் எங்கே போனது?

மன்னார்குடியில் கல்லூரி படிக்கும் என் தங்கைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வர வேண்டும். தோழிகளுக்கு வந்தது, இவளுக்கு வரவில்லை. கல்லூரியில் கேட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது என்றார்கள். வங்கியில் ஆதார் இணைந்துதான் இருக்கிறது என்றார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் ஆதார் வழியாக வரும் பணம், டிபிடிக்கென்று (அரசுப் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும் முறை) கடைசியாகப் பதிந்த வங்கிக்குத்தான் போகும். ஓர் ஆதாருக்கு ஒரே வங்கி. மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்', அதாவது ஆதாரோடு எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால், பள்ளி நாளில் நீடாமங்கலத்தில் திறந்து மறந்துபோன கணக்கின் வங்கி! அங்கே போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டோம். ஆயிரம் ஆயிரமாக வரிசையாக விழுந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் இப்போதைய வங்கியில் டிபிடி மாற்றப் படிவம் கொடுத்தோம். அதில் பழைய வங்கியின் பெயரை எழுத ஓர் இடம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள்.