மத்ரஸாவில் கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்குறணை, கம்பளை, வெலிமடை என மலையகத்து மத்ரஸாக்களில் ஓதும் பிள்ளைகள் ஸனத் (அறிவிப்பாளர் தொடர்) இல்லாமல் ஹதீஸ் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் திரையில் கண்ட ஹதீஸ் இலக்கத்தை அப்படியே குறிப்பில் எழுதிவிடுகிறார்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

“இன்னமல் அஃமாலு பின்னிய்யாத்” ஹதீஸையே எடுங்கள். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் அறிஞர் புஆத் அப்துல் பாக்கி இட்ட இலக்கம் 1907, தாருஸ்ஸலாம் பதிப்பகத்தின் ஆங்கிலப் பதிப்பில் 4927. இரண்டும் சரிதான், எந்தப் பதிப்பு என்று எழுதாவிட்டால் தேடுபவர் வேறொரு ஹதீஸில் போய் நிற்பார். இலக்கத்தோடு பதிப்பையும் ‘கிதாபுல் இமாரா’ என்ற பகுதிப் பெயரையும் எழுதவைக்க வேண்டும்.

அரபுக் கிதாபுகளைக் கணினியில் வாசிக்க உதவும் மக்தபா ஷாமிலா மென்பொருளிலும் இதே சிக்கல். அதில் சில கிதாபுகளின் பக்க எண் அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகும், சிலவற்றுக்குக் கணினியே எண் போட்டிருக்கும். கிதாபின் விபர அட்டையில் அது எழுதப்பட்டிருக்கும். பார்க்காமல் பக்கம் குறிப்பிடக் கூடாது. தட்டச்சுப் பிழையும் உண்டு. ஒருவர் அச்சுப் பிரதியை வாசிக்க, மற்றவர் திரையில் விரல் வைத்துத் தொடரட்டும். கிதாபுகளைப் பிரதி எடுத்த காலத்து முகாபலா (ஒப்பிட்டுச் சரிபார்த்தல்) அல்லவா இது! உஸ்தாத்மாருக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குர்ஆன் ஆயத்தைப் பீடிஎஃப்பிலிருந்து நகலெடுக்க வேண்டாம். ஹரக்கத் (உயிர்க்குறி) உதிரும், எழுத்து இடம் மாறும். குர்ஆன் மூலத்தை யுனிகோட்டில் தரும் தன்ஸீல் இணையத்தளத்திலிருந்து எடுத்து, அச்சிட முன் முஸ்ஹஃபோடு (அச்சுக் குர்ஆன் பிரதியோடு) ஒப்பிடுங்கள்.

அறிவித்தலைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெற்றோரின் ஃபோனில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யுனிகோட்டில் தட்டுங்கள்.

விடுதியில் ஃபோனைப் பூட்டி வைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தனக்கென ஒரு மின்னஞ்சல்கூட இல்லாத மாணவர், சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட விண்ணப்பதாரியாக விண்ணப்பிக்கும்போது கொமியூனிகேஷன் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிடுகிறார். பிறகு வரும் தகவல் எல்லாம் அந்தக் கடைக்கே போகும். விண்ணப்பத்துக்கு முன்பே சொந்த மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பின் 6 இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் மலையகத்தில் இடி மின்னல் கடுமை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தொலைபேசி வயர் வழியாகவும் மின்னழுத்தம் பாய்ந்து ரௌட்டரையும் கணினியையும் எரிக்கும். வானம் கறுக்கும்போதே பிளக்கையும் அந்த வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். முழக்கம் தொடங்கிவிட்டால் வயரில் கை வைக்க வேண்டாம்.