தவிட்டுக்குருவி: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவிட்டுக்குருவியைப் பற்றிய பிழையான முடிவுகளில் பெரும்பாலானவை, கூட்டமாகவே வாழும் ஒரு பறவையைத் தனித்தனியாகப் பார்ப்பதால் வருபவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் இப்பறவையின் கூட்டத்தில் ஏழு பறவைகள்தான் இருக்கும், அவையும் பெண்களே என்று நம்புவோர் இன்னும் உள்ளனர். எண்ணிக்கை கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

இத்தகைய தவறுகளுள் அதிகக் கேடு விளைவிப்பது, தரையில் தத்தித் திரியும் குஞ்சை அநாதை என்று எண்ணி வீட்டுக்கு எடுத்துச் செல்வதாகும். நன்றாகப் பறக்கக் கற்பதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடுவது இக்குஞ்சுகளின் இயல்பு. குட்டை வாலுடன் செம்பருத்திப் புதரடியில் ஒடுங்கியிருக்கும் குஞ்சுக்குப் பெற்றோர் மட்டுமன்றி, கூட்டத்தின் பிற பறவைகளும் புழு பூச்சிகளைக் கொண்டுவந்து ஊட்டும். ஆள் அருகில் நிற்கும்வரை அவை நெருங்கத் தயங்கும் என்பதால், கைவிட்டுவிட்டன என்று தோன்றுகிறது. பூனை நடமாட்டம் இருந்தால், குஞ்சை அருகிலுள்ள அடர்ந்த கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுவதே போதுமான உதவி.

இனத்துக்கே தொடர்பில்லாத ஒரு குஞ்சு இக்கூட்டத்தின் பின்னே இரை கேட்டுக் கத்தித் திரிவதும் உண்டு. அது பெரும்பாலும், பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் சுடலைக்குயிலின் குஞ்சு. சுடலைக்குயிலின் முட்டையும் தவிட்டுக்குருவியின் முட்டையைப் போலவே நீலப்பச்சை நிறமுடையது. குயில் குஞ்சு என்றாலே மற்றக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும் என்று கருதி அதை அப்புறப்படுத்துவது தவறு. சுடலைக்குயிலின் குஞ்சுக்கு அவ்வழக்கம் இல்லை. ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டமே சேர்ந்து சுடலைக்குயில் குஞ்சைப் பேணியதை ஆய்வாளர்களான ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் பரமானந்தமும் 1982இல் ஆய்வுக் கட்டுரையாகவே பதிவு செய்துள்ளனர். பிறர் பிள்ளைக்கும் ஊட்டிப் பழகிய பறவையிடம் முட்டையை ஒப்படைப்பது குயிலுக்கு எளிதாக இருப்பதில் வியப்பில்லை.

அலகு மஞ்சளாக இருப்பதை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்வதும் சரியன்று; இதன் உறவுப் பறவையான காட்டுச் சிலம்பனுக்கும் மஞ்சள் அலகுதான். தமிழ்நாட்டில் உச்சந்தலையின் வெளிர்ந்த நிறத்தைப் பார்த்துத் தவிட்டுக்குருவியை அறியலாம். இலங்கையில் உள்ள துணையினத்துக்கு அந்த வெண்தலை இல்லை. ஆனால் அங்கே காட்டுச் சிலம்பனும் இல்லாததால் குழப்பம் குறைவு.

திடீரென எழும் கூச்சலை உட்பூசல் என்று நினைத்துக் கல்லெறிந்து கலைப்பவர்கள், எறிவதற்கு முன் புதரடியைப் பார்த்துவிடுவது நல்லது. பாம்பையோ பூனையையோ கண்டுவிட்டால், கூட்டம் முழுவதும் சேர்ந்து இப்படித்தான் இரையும்.

தோட்டத்தில் இவை வருவதில்லை என்று குறைப்படுவோர் பலர், உதிர்ந்த சருகை நாள்தோறும் ஒட்டப் பெருக்கி எரித்துவிடுகின்றனர். சருகைப் புரட்டி அடியிலுள்ள பூச்சியைப் பொறுக்குவதே இவற்றின் முதன்மையான பிழைப்பு. சோறு வைப்பதைவிட, மரத்தடிச் சருகை அப்படியே விட்டுவைப்பது மேல்.