ரிப்போர்ட்டர் வேலையில இருந்து பிஆருக்கு மாறப் போறீங்களா? இதப் படிச்சிட்டு மாறுங்க

பத்திரிகையிலயோ டிவியிலயோ எட்டு பத்து வருஷம் ஓடிட்டு பிஆர் (கம்பெனிகளுக்காக பத்திரிகைகளோட பேசுற மக்கள் தொடர்பு வேலை) பக்கம் போயிரலாமான்னு யோசிக்கிறவங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க. சம்பளம், நைட் டெஸ்க், ஞாயித்துக்கிழமை டியூட்டி, வீட்டு லோன்னு ஆளுக்கொரு காரணம் இருக்கும், அதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. ஆனா ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்குங்க. உங்க போன்ல இருக்கிற நம்பருக்காகத்தான் உங்கள எடுக்குறாங்கன்னு நினைச்சுப் போனீங்கன்னா ரெண்டே வருஷத்துல மதிப்பு போயிரும், ஏன்னா அந்த நம்பர்ல இருக்கிறவங்க பீட் (செய்தி எடுக்கிற துறை) மாறிடுவாங்க, வேலைய விட்டுடுவாங்க. எது செய்தி எது செய்தி இல்லன்னு பார்த்ததும் தெரியுற கண்ணு இருக்கு பாருங்க, அத கிளையண்ட் முன்னாடி வாய்விட்டுச் சொல்ற தைரியமும் சேர்ந்தா, கடைசி வரைக்கும் சோறு போடுறது அதுதான்.

பேப்பர் போடுறதுக்கு, அதாவது ராஜினாமா குடுக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது சிலது இருக்கு. நீங்க கவர் பண்ற கம்பெனியோடயே வேலைக்குப் பேச்சு நடக்குதுன்னா, பேச்சு ஆரம்பிச்ச அன்னைக்கே அந்தக் கம்பெனி பத்தி எழுதுறத நிறுத்திடுங்க. சீஃப் ரிப்போர்ட்டர்கிட்ட போய் "சார், இந்த கம்பெனி ஸ்டோரி இனிமே நான் பண்ணா சரியா இருக்காது, வேற யாருக்காவது குடுங்க"ன்னு சொல்லிடுங்க. விட்டுட்டு வந்தப்புறம் உங்க பழைய ஸ்டோரிய யாராவது எடுத்துப் பார்த்து "ஓ, அதான் அப்படி எழுதுனாரா"ன்னு கேட்டா அதுக்குப் பதில் சொல்லவே முடியாது. அக்ரெடிடேஷன் கார்டு, பஸ் பாஸ் எல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க, பைக்ல ஒட்டியிருக்கிற 'பிரஸ்' ஸ்டிக்கரயும் கிழிச்சிடுங்க.

தமிழ்நாட்டுல இந்த வழிக்கு மூத்தவர்னா ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். சினிமா பத்திரிகைக்கு போட்டோ எடுத்துக் குடுத்துட்டு இருந்தவர் 1958ல 'நாடோடி மன்னன்' படத்துக்கு பிஆர்ஓ வேலை பார்த்தார், தமிழ் சினிமாவோட முதல் பிஆர்ஓன்னு அவரத்தான் சொல்லுவாங்க. என்ன படம், எப்ப வந்துச்சு, யார் யார் நடிச்சாங்க, ஸ்டில்ஸ்னு எல்லாத்தையும் வருஷக்கணக்கா சேர்த்து வச்சிருந்தார், அதனால ஒரு தகவல் வேணும்னா பத்திரிகைக்காரங்களே அவரத் தேடிப் போனாங்க. நீங்களும் புது வேலைக்குப் போன முதல் மாசம் இத செய்தியா போடுங்கன்னு பிட்ச் கிட்ச்னு அலையாம இதத்தான் செய்யணும். கம்பெனி எந்த வருஷம் ஆரம்பிச்சது, ஃபேக்டரி எங்கெங்க இருக்கு, எத்தனை பேர் வேலை பாக்குறாங்க, எம்டி பேர தமிழ்ல எப்படி எழுதணும், பிரிண்ட்டுக்குத் தாங்குற சைஸ்ல போட்டோ இருக்கா, எந்த விஷயத்துக்கு யார் பேசுவாங்க, இதெல்லாம் ஒரே ஃபைல்ல வச்சுக்குங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சப் எடிட்டர் போன் பண்ணி "சார், இனிஷியல் கே-வா எம்-மா"ன்னு கேட்டா அரை நிமிஷத்துல பதில் வரணும், அதுலதான் உங்க பேரு நிக்கும்.

இப்ப பிரஸ் ரிலீஸ், இதுலதான் உங்க பழைய வேலை முழுசா கை குடுக்கும். ஒரு தனியார் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் யூனிட் திறக்குதுன்னு வச்சுக்குவோம். கிளையண்ட் அனுப்புற டிராஃப்ட் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "மருத்துவ சேவையில் முன்னணி வகிக்கும் எமது குழுமத்தின் அதிநவீன டயாலிசிஸ் பிரிவை நிறுவனத் தலைவர் குத்துவிளக்கேற்றித் திறந்து வைத்துப் பெருமிதம் தெரிவித்தார்." டெஸ்க்ல இருந்தப்ப இந்த மாதிரி எத்தனை பேப்பர தூக்கிப் போட்டிருப்பீங்க! அத ஓரமா வச்சுட்டு மார்க்கெட்டிங் ஆளுங்ககிட்ட, முக்கியமா அங்க இருக்கிற நர்ஸ்கிட்ட பேசுங்க, ரிப்போர்ட்டர் மாதிரியே கேளுங்க. எத்தனை மெஷின், எத்தனை ஷிஃப்ட், ஒரு தடவைக்கு எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருமான்னு கேட்டுட்டே போனா நடுவுல ஒருத்தர் சாதாரணமா சொல்லுவார், "ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு ஷிஃப்ட் வச்சிருக்கோம், வேலைக்குப் போறவங்களுக்கு வசதியா இருக்கும்னு." இதுதான் செய்தி. டயாலிசிஸ் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் கிட்ட ஆகும், பகல்ல போய்ப் படுத்தா வேலை போயிரும்ங்கிற நிலைமையில எத்தனை குடும்பம் இருக்கு. "வேலைக்குச் செல்லும் சிறுநீரக நோயாளிகளுக்கு இரவு நேர டயாலிசிஸ்"னு முதல் வரிய மாத்துங்க, தலைவரும் குத்துவிளக்கும் மூணாவது பாராவுக்குப் போகட்டும். கிளையண்ட் முகம் சுருங்கும், "சேர்மன் பேரு மேல வரணுமே"ன்னு இழுப்பார், அப்ப நீங்க விட்டுக்குடுக்கக் கூடாது. மேல பேர் இருந்தா செய்தியே வராது, கீழ இருந்தா பேரோட வரும்னு பொறுமையா புரிய வையுங்க.

ரிப்போர்ட்டர் நண்பர்கள்கிட்ட நடந்துக்குற விதம் உங்களுக்கே தெரியும், ஆனா இந்தப் பக்கம் வந்ததும் பல பேர் மறந்துடுறாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அவங்க ஸ்டோரி அடிச்சிட்டு இருக்கும்போது போன் பண்ணி "மச்சி, மெயில் பார்த்தியா"ன்னு கேக்காதீங்க. வர்றதுக்கு முன்னாடி ஸ்டோரிய காட்டச் சொல்லாதீங்க. ஸ்டோரி கம்பெனிக்கு எதிரா வந்துருச்சுன்னு ரிப்போர்ட்டர தாண்டி எடிட்டருக்குப் போன் போடாதீங்க, தகவல் தப்பா இருந்தா மட்டும் ஆதாரத்தோட அந்த ரிப்போர்ட்டர்கிட்டயே கேளுங்க. பிரஸ் மீட்ல பணம் வச்ச கவர் குடுக்கிற பழக்கத்துக்கு கிளையண்ட் கேட்டாலும் கண்டிப்பா நோ சொல்லிடுங்க. நீங்க அந்த நாற்காலியில உக்காந்தவங்க, அது எவ்வளவு கேவலப்படுத்துற விஷயம்னு உங்களுக்குத் தெரியும்.

பங்குச் சந்தையில லிஸ்ட் ஆன கம்பெனின்னா இன்னொரு பழக்கத்தையும் விடணும். காலாண்டு ரிசல்ட், பெரிய ஆர்டர், கம்பெனிய வாங்குறது விக்கிறது மாதிரி ஷேர் விலைய அசைக்கிற தகவல் எதுவானாலும் முதல்ல எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போகணும். நம்ம பையன்தானே எக்ஸ்க்ளூசிவ் அடிக்கட்டும்னு முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா அது பங்குச் சந்தைய கண்காணிக்கிற செபியோட சட்டப்படி குத்தம். எதையும் வெளிய விடுறதுக்கு முன்னாடி கம்பெனி செக்ரட்டரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பிரச்சனை வெடிக்கும்போதுதான் உண்மையான வேலை. அமெரிக்காவுல ஐவி லீன்னு ஒருத்தர், நியூயார்க் பத்திரிகைகள்ல நிருபரா இருந்துட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். 1906 அக்டோபர் 28ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில பென்சில்வேனியா ரயில்ரோடு ரயில் ஒண்ணு பாலத்துல இருந்து தண்ணியில விழுந்து ஐம்பதுக்கும் மேல ஆளுங்க செத்துப்போனாங்க. விபத்துன்னா மூடி மறைக்கிறதுதான் அப்ப ரயில்வே கம்பெனிகளோட வழக்கம், லீ அதுக்கு நேர்மாறா அறிக்கை எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் குடுத்தார், நிருபர்கள கம்பெனி செலவுலயே ஸ்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். நீங்களும் இதையே பிடிச்சுக்குங்க: முதல் ஒரு மணி நேரத்துல நாலு வரி போதும், என்ன நடந்துச்சு, யாருக்கு என்ன ஆச்சு, இப்ப என்ன பண்றோம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. தெரியாதத ஊகிச்சு எழுதாதீங்க, சொன்ன மணிக்கு மறுபடி பேசுங்க. "நோ கமெண்ட்"னு வக்கீல் சொல்லச் சொல்லுவார், அவரோட உக்காந்து எதச் சொல்லலாம்னு பேசி நாலு வரியாவது வாங்கிட்டு வாங்க.

அதே லீதான் 1914ல கொலராடோ லட்லோவுல ஸ்ட்ரைக் பண்ண சுரங்கத் தொழிலாளர்களும் அவங்க குழந்தைங்களும் செத்தப்புறம் அந்தச் சுரங்கக் கம்பெனியோட பெரிய பங்குதாரர் ராக்ஃபெல்லர் பக்கம் நின்னு பிரசுரம் போட்டார், அதுல யூனியன் தலைவர்கள் சம்பளம்னு போட்ட கணக்கு தப்புன்னு பின்னாடி வெளிய வந்துச்சு, 'பாய்சன் ஐவி'ங்கிற விஷச் செடியோட பேரும் ஒட்டிக்கிச்சு. கம்பெனி குடுத்த நம்பர அப்படியே வெளிய விட்டா நடக்குறது இதுதான். கிளையண்ட் குடுக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் பேப்பர் கேளுங்க, எதிராளி குடுத்திருந்தா எப்படி நோண்டியிருப்பீங்களோ அப்படி நோண்டுங்க.

வேலைய எப்படி அளக்குறாங்கன்னும் பாருங்க. வந்த செய்தியோட இடத்த விளம்பர ரேட்டால பெருக்கி "இத்தன லட்சம் மதிப்பு"ன்னு ரிப்போர்ட் போடுற ஏவிஇ கணக்கு இன்னும் நிறைய ஆஃபீஸ்ல ஓடுது, பிஆர் வேலைய எப்படி அளக்கணும்னு அந்தத் துறை அமைப்புகளே சேர்ந்து போட்ட 2010 பார்சிலோனா கொள்கைகள்லயே அது பிஆரோட மதிப்பு இல்லன்னு தெளிவா சொல்லியாச்சு. நைட் டயாலிசிஸ் செய்தி வந்தப்புறம் எத்தனை பேர் போன் பண்ணி ஷிஃப்ட் கேட்டாங்கன்னு ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல எழுதி வைக்கச் சொல்லுங்க.

கடைசியா இன்டர்வியூ. ஏஜென்சியா இருந்தா ஒரே நேரத்துல எத்தனை கிளையண்ட் பாக்கணும்னு கேளுங்க. கம்பெனிக்குள்ளயே இருக்கிற வேலைன்னா, பிரச்சனை வந்தா எம்டிகிட்ட நேரா பேச முடியுமா இல்ல மார்க்கெட்டிங் ஹெட் வழியாத்தான் போகணுமான்னு கேளுங்க. நேரா பேச முடியாதுன்னா அங்க உங்க வேலை போஸ்ட்மேன் வேலைதான். எந்த கிளையண்ட்டயாவது வேணாம்னு சொல்லியிருக்கீங்களான்னும் கேட்டுப் பாருங்க. பத்து வருஷ அனுபவத்தோட போறவங்க 'கன்டென்ட் ரைட்டர்'ங்கிற டெசிக்னேஷனுக்கு ஒத்துக்காதீங்க, மேனேஜர் லெவல்ல கேளுங்க. ஆஃபர்ல சொல்ற தொகையில எவ்வளவு ஃபிக்ஸட், எவ்வளவு வேரியபிள்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் பேப்பர் போடுங்க.