எட்டு வாரம் முடிந்தது என்று கடைக்கால் தோண்டிவிடாதீர்கள்

லீவுக்குப் பாபநாசம் வந்து அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து அக்கா மகன் போன். வீட்டை இழுத்துக் கட்ட அனுமதி கேட்டு அந்த ஊர் கவுன்சிலுக்கு (நம்மூர் நகராட்சி மாதிரி) விண்ணப்பம் போட்டிருக்கிறான். “மாமா, எட்டு வாரம் ஆயிடுச்சு, கவுன்சில்லேர்ந்து பதிலே இல்ல, வேலையை ஆரம்பிச்சிடலாமா?” வேண்டாம்டா என்று கத்தியே விட்டேன். இங்கிலாந்தில் வீடு வாங்கி, ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் தங்க ஓர் அறை இழுத்துக் கட்ட நினைக்கும் நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அதேதான்.

கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் இணையதளமான பிளானிங் போர்ட்டலில் வரைபடம் ஏற்றிப் பணம் கட்டுவது சுலபம். இருக்கிற வீட்டை நீட்டிக் கட்ட 8 வாரத்துக்குள், புதிதாகப் பத்து வீடு அதற்கு மேல் என்றால் 13 வாரத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய நாள் கணக்கில்லை, சரியான தாள்கள் எல்லாமும் கட்டணமும் அவர்களுக்குக் கிடைத்த மறுநாளிலிருந்துதான் நாள் ஓடும். ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தால்தானே நாற்று விடுவோம், அப்படி.

நான் அடிபட்டது வேறு இடத்தில். நண்பர் ஒருவர் பின்பக்கம் ஒற்றைத் தளமாக 6 மீட்டர் நீட்டினார். அது ‘பிரையர் அப்ரூவல்’ வகை, அதாவது முழு அனுமதி வேண்டாத வேலைக்குக் கவுன்சிலிடம் முன்கூட்டிக் கேட்கும் ஒப்புதல், 42 நாளில் கவுன்சில் பதில் சொல்லாவிட்டால் சொன்ன அளவில் கட்டலாம். நான் போட்டதோ பக்கவாட்டில் இரண்டு மாடிக்குப் பிளானிங் அனுமதி கேட்கும் விண்ணப்பம். அதில் மௌனம் சம்மதம் கிடையாது. கெடு தாண்டினால் 6 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், அவ்வளவுதான், கட்ட முடியாது. அவருக்குச் சரியானது எனக்கும் சரி என்று ஒன்பதாவது வாரம் கடைக்கால் தோண்டச் சொன்னேன். நாலாம் நாள் யாரோ புகார் செய்து அதிகாரி வாசலில் நின்றார். வேலை நின்றது, பில்டருக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனது, குழியில் மழைத்தண்ணீர் பச்சை பிடித்துக் கிடந்தது. அந்த வருடம் வந்த அப்பா ஹாலில்தான் படுத்தார். ஜன்னல் வழியாகக் குழியைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். இன்னும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம், ஏழாவது வாரம் வாக்கில் கூடுதல் நாள் கேட்டு கவுன்சில் அதிகாரி மெயில் போடுவதுண்டு. ஒத்துக்கொண்டால் மேல்முறையீட்டுக் கெடுவும் தள்ளிப்போகும், மறுத்தால் நிராகரித்தும் விடலாம். நான் கொடுக்கத்தான் சொல்வேன், ஆனால் புதுத் தேதியை எழுத்தில் வாங்குங்கள். அக்கா மகனைத் தேடச் சொன்னேன், அந்த மெயில் பத்து நாளாக ஸ்பாமில் கிடந்திருக்கிறது.