கச்சான் காற்றின் வெக்கைக்கு முதலில் கூரையைப் பாருங்கள்

திருகோணமலையில் கரண்ட் பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் ஏசியில்தான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கூரை. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும்; அந்த வெயிலைச் சுவரை விடக் கூரைதான் வாங்குகிறது. பகலில் சூடேறிய கொங்கிறீற் தட்டு பொழுதுபட்ட பிறகும் பல மணிநேரம் சூட்டைக் கீழே இறக்கும். இரவில் ஃபான் சுடுகாற்றை வீசுவது அதனால்தான்.

தட்டுக் கூரைக்கு மலிவான வழி வெள்ளையடிப்பது. மாரி ஓய்ந்தபின், பெப்ரவரி, மார்ச்சில் செய்யுங்கள். பாசியைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்துக் காயவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 5 கிலோவுக்கு வெள்ளைச் சீமெந்து 1 கிலோ. பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டுத் துணியில் வடித்து, தளத்தை நனைத்துக்கொண்டு மாலையில் இரண்டு பூச்சு அடியுங்கள். உச்சி வெயிலில் பூசினால் ஈரம் சட்டென வற்றி, பூச்சு மாவாக உதிரும். சீமெந்து கலந்திருப்பதால் கரைத்ததை அடுத்த நாளுக்கு வைக்க முடியாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வேலையைத் தொடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மாரி மழையில் பூச்சு கரையும், ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் கூரையில் இந்தத் தேய்ப்பு வேலை கூடவே கூடாது. தேய்த்தாலும் துளைத்தாலும் நார்த்தூசி நெஞ்சுக்குள் போகும். அங்கே உள்ளே அலுமினிய ஃபொயில் கட்டுவதே சரி. பலர் அதைச் சீற்றோடு ஒட்டிவிடுகிறார்கள். தொட்டுக்கொண்டிருந்தால் சூடு நேரே கடந்துவிடும், காசு வீண். சீற்றைத் தாங்கும் மரங்களின் அடிப்பக்கத்தில் அடித்தால் குறைந்தது ஓர் அங்குல இடைவெளி தானாகக் கிடைக்கும். ஒருபக்கம் மட்டும் பளபளப்பென்றால் அது கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பயன் கெடும். ஃபொயிலில் மின்சாரம் பாயும், ஆகவே மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டே வேலை செய்யுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சாதாரண ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத ஆணியே வாங்குங்கள்.

மேற்குச் சுவருக்கு நீட்டிய தாழ்வாரம் போதாது, சாயங்கால வெயில் அதற்கடியால் நுழையும். சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கிடுகுத் தட்டி நிறுத்துங்கள். வடக்கு யன்னலுக்கும் நிழல் வேண்டும்: ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் வடபுறம்தான் சாய்ந்திருக்கும். மேற்கிலிருந்து கச்சான் வீசும் பகலில் அந்தப் பக்க யன்னல்களைச் சாத்தி, வெளியே குளிர்ந்தபின் எதிரெதிர் யன்னல்களாகத் திறவுங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகு மின்சாதனம். 75 வாட் ஃபான் நாளுக்கு பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22.5 யூனிற், 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டர்) ஃபானுக்கு 9 யூனிற். யூனிற் கூடக் கூடக் கட்டணப் படியும் ஏறுவதால் நாள் முழுக்க ஓடும் ஃபானை முதலில் மாற்றுங்கள். ஏசி இருந்தால் சீலிங் ஓட்டைகளையும் கதவின் அடி இடைவெளியையும் அடைத்து, 26 பாகையில் வைத்து ஃபானையும் சேர்த்துப் போடுங்கள்.