பேரோல் வேலை இன்டர்வியூ: "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் எப்படிப் பேசுவது?

பேரோல், அதாவது ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிட்டுப் போடும் வேலைக்கான இன்டர்வியூவில் சம்பளப் பேச்சே ஒரு பரீட்சைதான். நாளைக்கு ஊருக்கே சம்பளம் போடப் போகிறவர் தன் சம்பளத்தைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் விழித்தால், எதிரில் இருப்பவர் அதை நிச்சயம் கவனிப்பார். பி.காம். முடித்துவிட்டுச் சென்னை, கோவை, திருப்பூர் பக்கம் பேரோலில் நுழையப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கையில் எவ்வளவு வரும் என்று முதல் நாளே கணக்குப் போடுங்கள்

நிறுவனம் பேசுவது சி.டி.சி.யில், அதாவது உங்களுக்காக அது ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவில். வாடகை கட்டப் போவது டேக் ஹோமில், அதாவது பிடித்தம் போகக் கையில் வருவதில். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சி.டி.சி., அதாவது மாதம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் பேஸிக் (அடிப்படைச் சம்பளம்) பாதி, 15,000.

- நிறுவனத்தின் பங்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), பேஸிக்கில் 12%: 1,800
- கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது, பேஸிக்கில் 4.81%: சுமார் 722
- இவை போக கிராஸ் (உங்கள் பிடித்தங்களுக்கு முந்தைய மாதச் சம்பளம்): 27,478
- உங்கள் பங்கு பி.எஃப்.: 1,800
- தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 என்றால், மாதத்துக்கு: சுமார் 208
- கையில் வருவது: சுமார் 25,470

வாய்க்கு வந்தபடி "முப்பதாயிரம்" என்று சொல்லிவிட்டு, முதல் மாதம் பேங்க் மெசேஜைப் பார்த்து அதிர்ச்சி அடையக் கூடாது. சில நிறுவனங்கள் கிராஜுவிட்டியைச் சி.டி.சி.யில் காட்டாது, சிலர் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் சேர்த்துக் காட்டுவார்கள். அதனால் ஒரே 3,60,000 இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் கைக்கு வரும்.

உங்கள் சம்பளம் 21,000-க்குப் பக்கத்தில் அமையும்போல இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மாதம் 21,000 வரை வாங்குகிறவர் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருவார். அவர் பங்கு 0.75%, நிறுவனத்தின் பங்கு 3.25%. 20,800 வாங்கினால் 156 ரூபாய் பிடித்தம் போகும். ஆனால் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. 21,200-க்குச் சேர்ந்தால் பிடித்தமும் இல்லை, அந்த மருத்துவமும் இல்லை. வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் அந்த 400 ரூபாயை அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். நிறுவனம் தனியாக இன்ஷூரன்ஸ் தருகிறதா என்று விசாரித்த பிறகு கேளுங்கள்.

படி 2: எண் சொல்வதற்கு முன் வேலையின் அளவைக் கேளுங்கள்

"இங்கே ஒருத்தர் எத்தனை பேருக்குச் சம்பளம் போடுகிறார்? சாஃப்ட்வேர் இருக்கிறதா, எக்ஸெல்லா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ரிட்டர்னும் நாமேதானா, வெளியில் கன்சல்டன்ட் பார்க்கிறாரா?" இந்த மூன்றையும் தயங்காமல் கேட்கலாம். மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் முடித்து, ஏழாம் தேதிக்குள் டி.டி.எஸ். (சம்பளத்தில் பிடித்த வருமான வரி) கட்டி, பதினைந்துக்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலான் போடுவதெல்லாம் ஒரே ஆள் தலையில் என்றால், அதற்கேற்ப எண்ணும் ஏற வேண்டும்.

படி 3: எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள்

"நீங்க பார்த்துப் போடுங்க சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பணிவு என்று நினைத்துத்தான் சொல்வோம். எதிரில் இருப்பவருக்கு அது தயாராகாமல் வந்ததாகவே படும். இப்படிப் பேசிப் பாருங்கள்:

"எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

"மேடம், நீங்க சொன்ன வேலையைப் பார்த்தா ஆண்டுக்கு 3.4-லிருந்து 3.8 லட்சம் சி.டி.சி. சரியா இருக்கும்னு நினைக்கிறேன். பி.எஃப். பேஸிக் முழுசுக்கும் பிடிக்கறீங்களா, 15,000 வரைக்குமா? அது தெரிஞ்சா இன்னும் சரியா சொல்லலாம்."

சட்டப்படி பி.எஃப். கட்டாயம் 15,000 ரூபாய் ஊதியம் வரைதான். அதற்கு மேல் பிடிப்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தொழில் தெரிந்தவர் என்று காட்ட அந்த ஒரு கேள்வியே போதும். சொல்லும் குறைந்தபட்ச எண், உங்களுக்கு உண்மையிலேயே கட்டுப்படியாகிற எண்ணாக இருக்கட்டும். பெரும்பாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

படி 4: பழைய சம்பளத்தை ஊதிச் சொல்லாதீர்கள், அடுத்தவர் சம்பளத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள்

ஏற்கெனவே வேலை பார்த்தவர் என்றால் கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கேட்பார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் பி.எஃப். பிடித்த ஊதியம் மாதவாரியாக இருக்கிறது. கூட்டிச் சொன்னது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய விஷயம். "பழைய ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவுக்கே 35,000 போட்டோம், மேனேஜருக்கு இவ்வளவு" என்று ஆதாரம் காட்டுவதுபோல் சிலர் பேசுவார்கள். அந்த இடத்திலேயே வேலை கைவிட்டுப் போய்விடும். நாளை இங்கிருந்து போகும்போது நம் எம்.டி. சம்பளத்தையும் இவர் இப்படித்தான் சொல்வார் என்று நினைக்காமல் இருப்பார்களா? அவர்களே தூண்டிக் கேட்டாலும், "அது அந்த நிறுவனத்தின் ரகசியத் தகவல் சார், என் சம்பளத்தை மட்டும் சொல்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். சில இடங்களில் சோதிப்பதற்காகவே கேட்கிறார்கள். சந்தை நிலவரம் வேண்டுமென்றால் நௌக்ரி, லிங்க்ட்இன் விளம்பரங்களில் போட்டிருக்கும் சம்பளத்தை மேற்கோள் காட்டலாம்.

படி 5: ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்

ஆஃபர் லெட்டரோடு சம்பளப் பிரிவு அட்டவணை வர வேண்டும். வரவில்லை என்றால் மெயில் போட்டுக் கேளுங்கள். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வேரியபிள் பே, அதாவது மாதா மாதம் உறுதியாக வராத, வேலையைப் பொறுத்துத் தரும் தொகை. 3,60,000-க்குள் 36,000 வேரியபிள் என்று ஒளிந்திருந்தால், மாதச் சம்பளத்தில் 3,000 குறையும். அடுத்து, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், புரொபேஷன் முடிந்ததும் சம்பளம் கூடும் என்று வாயால் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படி 1-இல் நீங்கள் போட்ட கணக்கை அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இடிக்கிற வரியை மட்டும் குறிப்பிட்டுக் கேளுங்கள். விளக்கம் மெயிலில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.